லண்டனில் பிறந்த இந்திரன்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் வழியாக லாரிகள் ஓயாமல் ஓடும் வழுதாவூர் சாலையின் பெயர், நிலவியல் நூல்களில் ஒரு பாறைத் தொகுதிக்கும் உண்டு. வழுதாவூர், ராவுத்தன்குப்பம், சேதராப்பட்டு பக்கத்து மண்ணில், சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிச் சேறு கல்லாகிக் கிடக்கிறது. அதில் கிடைப்பவைதான் அம்மோனைட்டுகள். கணவாயின் தூரத்துச் சொந்தம். பெரும்பாலும் சுருள் ஓடு. சாளக்கிராமத்தில் சக்கரம் என்று கும்பிடுகிறோமே, அதுவும் இந்தக் குலத்தின் பதிவுதான், இன்னும் பழையது.

1840களின் தொடக்கத்தில் சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரி சி. டி. கேய் இந்தக் கற்களைச் சேகரித்தார்; ப்ரூக் கன்லிஃபும் கூடச் சேர்ந்தார். விருத்தாசலம், திருச்சிப் பக்கமும் தேடினார்கள். மூட்டை லண்டனுக்குப் போய், இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் மேசையில் இறங்கியது.

இந்தியாவையே பார்க்காத ஃபோர்ப்ஸுக்கு ஓடுகள் மட்டுமே சாட்சி. சுருளின் நடுக்குழி எத்தனை அகலம், மேலே வரிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, உள்ளறைகளின் தடுப்புச் சுவர் ஓட்டைத் தொடும் கோடு முக்கியம். 40 கோடி ஆண்டுக்கு முந்தைய டெவோனியன் கால மூதாதையரிடம் அது வெறும் அலைக்கோடு. புதுச்சேரிக் கல்லிலோ கிளைவிட்டுக் கிளைவிட்டு மடிந்திருக்கும். ஓட்டை அடையாளம் காண இது ஒரு நல்ல கைரேகை.

1846இல் அவர் அறிக்கை அச்சானது. இந்திரன், வருணன், சூரியன், பிரம்மா, விஷ்ணு என்று இனங்களுக்குப் பெயர். பட்டியலைப் பார்த்தால் உற்சவ அழைப்பிதழ் என்றே தோன்றும். அதே காலத்தில் பாரிஸில் தொல்லுயிர் ஆய்வாளர் தோர்பிஞியும் புதுச்சேரிப் படிவங்களை வரைந்து வெளியிட்டுக்கொண்டிருந்தார். காலக்கணிப்பில் பிரெஞ்சுக்காரர்தான் உண்மைக்குப் பக்கத்தில் நின்றார். ஃபோர்ப்ஸ் புதுச்சேரிப் பாறையை கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தில் வைத்துவிட்டார். உண்மையில் அந்தப் பாறை அக்காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. நெடுங்காலம் உருமாறாத சில குடும்பங்கள் இங்கே மிகுதி என்பதால், பழைய முகத்தைக் கண்டு ஏமாறுவது எளிது.

1890களில் வியன்னாவின் நிலவியலாளர் ஃபிரான்ஸ் கோஸ்மட் எல்லாவற்றையும் மறுபடி அலசினார். இந்திரன் ‘சூடோஃபில்லைட்டஸ் இந்த்ரா’ ஆனது. பிரம்மாவுக்காக ‘பிரம்மைட்டஸ்’ என்றே தனிப் பேரினம் பிறந்தது. இந்திரனின் ஓடு பின்னர் கனடாவின் பசிபிக் கரையிலும் தென்னாப்பிரிக்காவிலும் அகப்பட்டது. அங்கே கண்டெடுப்பவரும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் புதுச்சேரிக் கல்லோடுதான் அதை ஒப்பிட்டாக வேண்டும்.