இணையதளங்களுக்கு இடையே பார்வையாளர் வருகை: அனுப்பியவர் யார் என்பதைக் கணக்கிடுவது எப்படி?

மும்பை தாராவியில், சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையை ஒட்டித் தோல் பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் ஒன்று சொந்த இணையதளம் நடத்துவதாகவும், செம்பூரிலிருந்து இயங்கும் தமிழ்த் தளம் ஒன்று தரகு அடிப்படையில் அதற்கு வாடிக்கையாளர்களை அனுப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். மாத இறுதியில் 500 பேரை அனுப்பியதாகச் செம்பூர் தளம் கூறுகிறது. கடையின் கணக்கிலோ 340 பேர்தான் உள்ளனர். இதில் இரு தரப்புமே பொய் சொல்லாமல் இருக்கக்கூடும். ஒரு தளம் இணைப்பு சொடுக்கப்பட்டதை எண்ணுகிறது, மற்றொன்று பக்கம் முழுமையாகத் திறந்ததை எண்ணுகிறது. பக்கம் திறக்கும் முன்பே விலகியவர்கள், இருமுறை சொடுக்கியவர்கள், தானியங்கி நிரல்கள், விளம்பரத் தடுப்பான்கள் என வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல.

வருகையை அறியும் மிகப் பழைய வழி 'ரெஃபரர்' எனப்படும் குறிப்பாகும். ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது, எங்கிருந்து வருகிறோம் என்பதை உலாவியே தெரிவித்துவிடும். 1996-இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தில் இச்சொல்லின் ஆங்கில வடிவில் ஓர் எழுத்து விடுபட்டது. அப்பிழை இன்றளவும் திருத்தப்படவில்லை. 2020 முதல் குரோம் உலாவி, பிற தளங்களுக்கு முழு முகவரியை அனுப்பாமல் தளத்தின் பெயரை மட்டுமே இயல்பாக அனுப்புகிறது. வாட்ஸ்அப் வழியாக வருவோரிடம் பெரும்பாலும் இக்குறிப்பே இருப்பதில்லை. அவர்கள் 'நேரடி வருகை' என்ற கணக்கில் சேர்ந்துவிடுகின்றனர். வாட்ஸ்அப்பையே நம்பித் தொழில் செய்யும் சிறு வணிகருக்கு இது பெரிய இடைவெளி.

அதை ஓரளவு நிரப்புவது 'யுடிஎம்' குறியீடு. இணைப்பின் முகவரியோடு அனுப்புபவரின் பெயர், வழி, விளம்பரத்தின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுவதே இம்முறை. 2005-இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் நிறுவனத்தின் பெயரே இதன் முதலெழுத்தில் நிற்கிறது. செலவில்லாதது, எளிது. எனினும், செம்பூர் தளத்தின் குறியீடு கொண்ட இணைப்பை ஒருவர் நகலெடுத்து உறவினர் குழுவில் பகிர்ந்தால், அங்கிருந்து வருவோரும் செம்பூர் தளத்தின் கணக்கிலேயே சேர்வர். அதோடு, முகவரிப் பட்டையில் எவரும் பார்க்கக்கூடிய இக்குறியீட்டில் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைச் சேர்ப்பது அறவே கூடாது.

தரகு என்று வரும்போது 'குக்கி' முக்கியமாகிறது. அனுப்பியவரின் அடையாளத்தை வாடிக்கையாளரின் உலாவியில் குறிப்பிட்ட காலம் வைத்திருக்கும் சிறு கோப்பு இது. 1996-இல் தரகுத் திட்டத்தைத் தொடங்கிய அமேசான், பொதுவாக 24 மணி நேரம் வரை இதை ஏற்கிறது. பெரும்பாலான திட்டங்களில் கடைசியாகச் சொடுக்கப்பட்ட இணைப்புக்கே பணம் சேரும். செம்பூர் தளம் அறிமுகப்படுத்திய பையை, மாதுங்காவிலிருந்து இயங்கும் தள்ளுபடிக் கூப்பன் தளம் ஒன்றின் வழியாகத் திரும்பி வந்து ஒருவர் வாங்கினால், முழுத் தரகும் பின்னவருக்கே.

இதில் மோசடிக்கும் இடமுண்டு. பார்வையாளர் எதையும் சொடுக்காதபோதே அவரது உலாவியில் குக்கியைத் திணித்து, இபே நிறுவனத்திடம் பெருந்தொகை தரகு பெற்ற அமெரிக்கர் ஒருவருக்கு 2014-இல் 5 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆப்பிளின் சஃபாரி உலாவி, மூன்றாம் தரப்புக் குக்கிகளை 2020 மார்ச் முதல் முழுமையாகத் தடுக்கிறது. அவற்றைக் கைவிடப்போவதாக அதே ஆண்டு அறிவித்த கூகுள், 2024-இல் பின்வாங்கியது. இந்நிலையில், ஒவ்வொரு சொடுக்குக்கும் தனி எண் வழங்கி, விற்பனை முடிந்ததும் ஒரு சர்வர் மற்றொரு சர்வருக்கு நேரடியாகத் தகவல் தரும் முறையே கூடுதல் நம்பகமானது. இதில் பொருள் திருப்பி அனுப்பப்பட்டால் தரகையும் ரத்து செய்யலாம். ஆனால் இதை அமைக்க நிரலாளர் தேவை.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தனிநபரை அடையாளம் காட்டும் தரவைத் திரட்டுவதற்கு ஒப்புதல் பெறுவது தொடர்பான பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எத்தனை பேர் வந்தனர் என்ற மொத்த எண்ணிக்கையைப் பகிர்வது வேறு, யார் வந்தனர் என்பதைப் பகிர்வது வேறு.

சிறு வணிகர்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டியவை: எண்ணப்படுவது சொடுக்கா, வருகையா, விற்பனையா, குக்கியின் ஆயுள் எத்தனை நாள், கணக்குகள் மாறுபட்டால் யாருடைய பதிவு செல்லும்.