காந்த நாடாவும் சுருக்கும் கலையும்

பொருளை ஈட்டுதலினும் ஈட்டிய பொருளைக் காத்தல் அரிது என்பர் பெரியோர். இவ்வுண்மை அறிவுச் செல்வத்திற்கும் பொருந்தும். வங்கிகளின் பேரேடுகளும் மருத்துவமனைகளின் குறிப்பேடுகளும் கணினிக்குள் குடிபுகுந்த பின்னர், அவை அழிந்துபடாவண்ணம் மற்றொரு படியெடுத்து வைக்கும் கடமை எழுந்தது. அக்கடமையை நெடுங்காலமாகத் தாங்கி வருவது காந்த நாடா. அந்நாடா, செய்தியைச் சுருக்கும் கலையைக் கற்ற வரலாறு அறியத்தக்கது.

1951ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிவாக் கணினி உலோக நாடாவைப் பயன்படுத்தியது. மறு ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் 726 என்னும் நாடா எந்திரத்தை அறிமுகம் செய்தது. அதன் நாடாவில் ஓர் அங்குல நீளத்திற்கு 100 எழுத்துகளே பதிந்தன. ஒரு பெரிய சுருள் முழுமைக்கும் ஏறத்தாழ 2 மெகாபைட் அளவே அடங்கிற்று. 1984இல் அதே நிறுவனத்தின் 3480 எந்திரம், கையடக்கப் பேழையொன்றில் 200 மெகாபைட்டை அடக்கியது. ஆயினும் தரவுகள் அதனினும் விரைந்து பெருகின.

இடரைத் தீர்க்கும் அறிவு முன்னரே தோன்றியிருந்தது. செய்திகளில் மிகையான பகுதி உண்டு என்பதை 1948இல் கிளாட் ஷானன் கணித வழியில் நிறுவினார். அடிக்கடி வரும் குறிக்குச் சிறிய அடையாளமும் அருகி வரும் குறிக்கு நீண்ட அடையாளமும் தரும் முறையை 1952இல் டேவிட் ஹஃப்மன் வகுத்தார். முன்னர் வந்த தொடர் மீண்டும் வருமாயின், அதனைத் திரும்ப எழுதாது, முன்பு வந்த இடத்தையும் நீளத்தையும் மட்டும் சுட்டும் முறையை 1977இல் யாக்கோப் சிவ், ஆபிரகாம் லெம்பல் ஆகிய இருவரும் வெளியிட்டனர்.

இச்சுருக்கத்தைச் சேவைக் கணினியே செய்யலாகாதோ எனின், செய்யலாம். ஆனால் அதன் ஆற்றல் இப்பணியிலேயே செலவாகும். மேலும், தரவு தாமதமாக வந்தால் ஓடும் நாடா நிற்கும், பின்வாங்கும், மீண்டும் ஓடத் தொடங்கும். இதனால் காலமும் வீணாகும், நாடாவும் தேயும். ஆகவே 1986இல் 3480 எந்திரத்தின் உள்ளேயே சுருக்கும் மின்சுற்று அமைக்கப்பட்டது. 200 மெகாபைட் பேழை 400 வரை கொள்ளலாயிற்று.

2000ஆம் ஆண்டில் எல்டிஓ வகை நாடா வந்தது. அதன் மெய்யான கொள்ளளவு 100 ஜிகாபைட். சுருக்கினால் 200 என்று விளம்பரம் கூறிற்று. 2012இல் வந்த ஆறாம் தலைமுறையில் மெய்யளவு 2.5 டெராபைட், விளம்பர அளவோ 6.25.

இரண்டாம் எண்ணை நம்புவதில்தான் இடர் உள்ளது. கடிதங்களும் கணக்குகளும் நன்கு சுருங்கும். நிழற்படமும் திரைக்காட்சியும் பெரும்பாலும் முன்பே சுருக்கப்பட்டவை. ஏழு சீர்களில் அமைந்த குறளை மேலும் சுருக்க இயலுமோ? அதுபோன்றே அவையும் சுருங்கா. மறைகுறியாக்கிய தரவில் மீள்வரும் தொடர் தென்படாமையால் அதுவும் சுருங்காது. ஆதலின் முதலில் சுருக்கி, பின்னரே மறைத்தல் வேண்டும். 2007இல் வந்த நான்காம் தலைமுறை எந்திரங்கள் இவ்விரண்டையும் அவ்வொழுங்கிலேயே செய்தன. விளம்பர எண்ணை நம்பித் திட்டமிடுவோரின் நாடா, பணி முடியுமுன் நிறைந்துவிடும்; படி குறைபட்டு நிற்கும்.

படியின் அருமை இழப்பின்போதே விளங்கும். 2011 பிப்ரவரித் திங்கள் இறுதியில், மென்பொருட் பிழையொன்றால் கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் பயனர் சிலருடைய மடல்கள் மறைந்தன. பல நிலையங்களில் வைத்த படிகளையும் அப்பிழை தாக்கிற்று. கணினித் தொடர்பின்றித் தனித்திருந்த காந்த நாடாக்களிலிருந்தே அம்மடல்கள் மீட்கப்பட்டன.

எனவே மெய்யளவைக் கொண்டு திட்டமிடுதலும், சுருக்கத்தால் வருவதை ஊதியமாகக் கொள்ளுதலும், எடுத்த படியை மீட்டுப் பார்த்துத் தெளிதலும் அறிவுடைமையாகும். சுருக்கம் இடத்தைத் தரும்; காவலைத் தருவது மாந்தரின் விழிப்பே ஆகும்.