காயங்களின் கணக்கு

போர் வரலாறுகளைப் படிக்கையில் படைகளின் எண்ணிக்கையும் மாண்டோர் தொகையுமே பெரும்பாலும் நம் கண்ணில் படுகின்றன. காயமுற்றோர் மருத்துவமனையிடம் என்ன கேட்டார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லாக் காயங்களும் ஒன்றையே கேட்பதில்லை. இரு உலகப் போர்களின்போது பிரித்தானிய மருத்துவமனைகள் இதை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டன.

முதல் உலகப் போரில் குண்டடிபட்டுத் தொடையெலும்பு முறிந்தவர்கள் ஏராளமாக மாண்டனர். தூக்கிச் செல்லும் வழியில் எலும்பு அசைந்து குருதி பெருகியதே முதன்மைக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ் வடிவமைத்த எளிய இரும்புச் சட்டத்தை, அவரிடம் பயின்ற ராபர்ட் ஜோன்ஸ் படை மருத்துவத்தில் பரவச் செய்தார். காலை அசையாமல் இழுத்துப் பிடித்த அச்சட்டம் பலரை உயிரோடு மருத்துவமனை சேர்த்தது. அந்தக் காயம் கேட்டது விலை குறைந்த ஒரு கருவியையும், அது உரிய நேரத்தில் கிடைப்பதையும்.

தீக்காயத்தின் தேவை வேறு. இரண்டாம் உலகப் போரில் எரிந்த விமானங்களிலிருந்து மீண்ட வீரர்களின் முகங்களையும் கைகளையும் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் சீரமைத்தார். உப்புநீர்க் குளியல், தோல் ஒட்டு, ஆறுவதற்கான காத்திருப்பு, மீண்டும் அறுவை என ஆண்டுகள் கழிந்தன. அவர்கள் 1941இல் தொடங்கிய ‘கினிப் பன்றிகள் கழகம்’ போர் முடிகையில் 649 உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. இங்கே செலவானவை அறுவை அரங்கும் ஆண்டுகளும்.

முதுகுத்தண்டுக் காயமோ வெளிப்பார்வைக்குச் சிறியதாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு ஆளானோரில் பெரும்பாலோர் முன்பெல்லாம் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தனர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரி 1 அன்று ஸ்டோக் மாண்டவில்லில் இவர்களுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. இக்காயம் முதலில் கேட்டது சலிக்காத மனிதக் கைகளை. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளிலேயே, சக்கர நாற்காலியில் அமர்ந்து 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிழைக்கமாட்டார் என்ற தீர்ப்பால் முன்பு கவனிப்பு மறுக்கப்பட்டது; கவனிப்பு இல்லாததால் அவர் பிழைக்கவில்லை; அந்த இறப்பே தீர்ப்புக்குச் சான்றாகவும் ஆயிற்று. இந்தச் சுழலை ஸ்டோக் மாண்டவில்லில் உடைத்தது புதிய மருந்து மட்டுமன்று. அறுவை அரங்கின் சாதனைகளை எழுதும் வரலாறு, நள்ளிரவில் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்த கைகளுக்கும் இடம் தரவேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.