உத்திரமேரூர் வட்டாரம்: மனிதரால் நேரும் காட்டுப் பறவைச் சாவுகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் ஏரிப்பாசனத்தால் வாழும் ஊர். ஏரியைப் பேணுவதற்கென்றே தனி வாரியம் இருந்ததை அவ்வூர்ச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. தென்கிழக்கே, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், வேடந்தாங்கல், கரிக்கிலி சரணாலயங்கள் உள்ளன. மழைக்காலத்தில் அங்கு கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம் போன்றவை சுற்றுவட்டார ஏரிகளிலும் கழனிகளிலும்தான் இரை தேடுகின்றன. கூடிருக்கும் மரத்துக்குக் காவல் உண்டு. இரை தேடும் வரப்பில் யாரும் காவல் நிற்பதில்லை.

வேட்டையில் பழையது கண்ணி. தூண்டில் நரம்பைச் சுருக்கிட்டு, குச்சியில் கட்டி, சேற்றில் வரிசையாக ஊன்றுவார்கள். கொக்கும் மடையானும் கால் வைத்ததும் சுருக்கு இறுகும். உதற உதற நரம்பு தோலை அறுக்கும். பிடித்த கொக்கின் இமைகளைத் தைத்து, அதையே கழனியில் நிறுத்தி மற்றவற்றை இறங்கச் செய்யும் வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டு. கறிக்காக நடக்கும் இந்தக் கொடுமைக்குப் பசியை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. வாங்கித் தின்ன ஆள் இருக்கும்வரை கண்ணியும் இருக்கும். கூடு கட்டும் காலத்தில் தாய்ப்பறவையோ தந்தையோ பிடிபட்டால், கூட்டிலுள்ள குஞ்சுகளும் பட்டினியில் சாகக்கூடும்.

நஞ்சு ஓசையின்றிக் கொல்கிறது. கார்போஃபியூரான் என்னும் குருணை மருந்தை மணியென்று பறவை கொத்தினால் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு, இழுப்பு வந்து சாகும். பறவைச் சாவுகளாலேயே அமெரிக்காவில் அதன் குருணை வடிவம் 1990-களில் பெரும்பாலும் கைவிடப்பட்டது. பயிரைக் காக்க நஞ்சு கலந்த தானியம் வைப்பதால் மயில்கள் மடிவது தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தியாகிறது. நட்டப்படும் உழவருக்கு வேறு வழி காட்டாமல் சட்டத்தை மட்டும் காட்டுவதால் இது நிற்காது. தாழத் தொங்கும் மின்கம்பிகளும் அறுந்து கிடக்கும் மீன்வலைகளும் பெரிய பறவைகளைப் பலி வாங்குகின்றன.

மருந்தாலும் ஓர் இனமே சரியலாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசியால், செத்த மாட்டைத் தின்ற வெண்முதுகுப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. திருக்கழுக்குன்ற மலைக்கு நாள்தோறும் உணவுண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகளும் 1990-களின் இறுதிக்குப் பின் வருவதில்லை.

பாதுகாப்பும் இம்மண்ணுக்குப் புதிதல்ல. வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது வேடந்தாங்கல் ஊரார் முறையிட்டனர். 1798-இல் ஆட்சியர் லயோனல் பிளேஸ் காப்பு வழங்கினார். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். 1998-இல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயமானது. அதை 3 கி.மீ. ஆகச் சுருக்க 2020-இல் எழுந்த முன்மொழிவு எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கல், கரிக்கிலி ஆகிய இரு சரணாலயங்களும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உத்திரமேரூர் ஏரி அந்த 5 கி.மீ. வட்டத்துக்கு வெளியே இருக்கிறது; கூட்டிலிருந்து கிளம்பும் நாரைக்கு அது சிறிது நேரப் பறத்தல்தான்.