கொம்பு முளைத்த கவசம்

1942இல் டென்மார்க் ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தது. கோபன்ஹேகனுக்கு வடமேற்கே வெக்ஸோ என்ற ஊரின் சதுப்பில், காயவைத்து எரிப்பதற்காக மண்ணை வெட்டியெடுத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணோடு சேர்ந்து வெண்கலத் துண்டுகள் கிளம்பி வந்தன. பொருத்திப் பார்த்தபோது இரண்டு தலைக்கவசங்கள். நெற்றியில் உருண்டு பிதுங்கிய இரண்டு கண்கள், அவற்றுக்கு நடுவே வளைந்த அலகு, உச்சியின் இருபுறமும் மாட்டுக் கொம்பு போல வளைந்தெழும் இரண்டு வெண்கலக் கொம்புகள். நடுமுகட்டில் குதிரைமயிரையோ இறகையோ செருகிவைக்கத் தோதான பள்ளம்கூட இருந்தது. ஒரு கவசத்தை மரத்தட்டில் வைத்துச் சதுப்புக்குள் இறக்கியிருந்தார்கள். போரில் தோற்றவன் எறிந்துவிட்டு ஓடிய பொருளாக அது தெரியவில்லை. யாரோ, எதற்கோ, காணிக்கையாகக் கொடுத்தது.

இன்று ஒருவர் கற்பனை உலகப் போர் விளையாட்டு ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தால், வரைபடத்தின் மேல்விளிம்பில் பனி மூடிய ஒரு நாட்டை வைக்காமல் விடுவது அரிது. அங்கே வாழ்பவர்கள் முரடர்கள், தாடிக்காரர்கள், கோடாரி ஏந்தியவர்கள். அவர்கள் தலையில் முதலில் ஏறுவது இந்தக் கொம்புக் கவசம்தான். சதுப்பிலிருந்து கணினித் திரைவரை அது நடந்துவந்த வழி விசித்திரமானது. வழியில் அது சுமந்துகொண்ட அர்த்தங்கள்தான் இன்று அந்த வடநாட்டு மக்களின் தலையெழுத்தை, விளையாட்டின் விதிகளை, தீர்மானிக்கின்றன. அதனால் அந்தப் பயணத்தைத் தெரிந்துகொள்வது வடிவமைப்பாளருக்கு வெறும் வரலாற்று ஆர்வம் அல்ல, தொழில் சார்ந்த தேவை.

வெக்ஸோ கவசத்தில் கொம்பு பொருந்தும் இடத்தில் பிர்ச் மரத்தின் தார் ஒட்டியிருந்தது 2019இல் கவனத்துக்கு வந்தது. அதைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது கிடைத்த காலம் சுமார் கி.மு. 900. அதே காலத்தை ஒட்டி, சார்டினியத் தீவிலும் ஸ்பெயின் பக்கத்திலும் கொம்பு வைத்த வீரர்களின் உருவங்களை வார்த்தும் கல்லில் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆக, கொம்பு வடக்கின் தனிச்சொத்தும் அல்ல. உலோக வணிகம் ஓடிய கடல்வழிகளில் அதுவும் பயணம் செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இன்று நாம் இந்தக் கொம்பை மாட்டிவிடும் வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கியது கி.பி. 793இல். வெக்ஸோ கவசத்துக்கும் அவர்களுக்கும் நடுவே ஏறத்தாழ 1,700 ஆண்டுகள். அப்படியானால் அவர்கள் தலையில் உண்மையில் என்ன இருந்தது? அதற்கான பதில் வெக்ஸோவுக்கு அடுத்த ஆண்டே, 1943இல், நார்வேயில் ஜெர்முண்ட்பூ என்ற பண்ணையில் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. பத்தாம் நூற்றாண்டுக் கல்லறை மேடு ஒன்றில், துண்டு துண்டாக உடைந்துகிடந்த இரும்புக் கவசம். இப்போது ஒட்டவைத்து ஆஸ்லோ அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். உருண்டையான தொப்பி, அதைக் குறுக்கும் நெடுக்கும் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகள், கண்களையும் மூக்கையும் மறைக்க மூக்குக்கண்ணாடி போல ஒரு காப்பு. அவ்வளவுதான். கொம்பு வைத்திருந்ததற்கான அடையாளமே இல்லை. இங்கிலாந்தின் யார்ம் ஊரில் 1950களில் கிடைத்த கவசமும் அதே காலத்தைச் சேர்ந்தது என்று 2020இல் உறுதியானது. அதிலும் கொம்பு இல்லை.

இருக்கவும் முடியாது. வழவழப்பான உருண்டை மேல் விழும் வாள் வழுக்கிப் போகும், அதுதான் கவசத்தின் வேலையே. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் விழுந்தால் வெட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும். கவசம் கழன்று விழும், அல்லது கழுத்து திருகும். கேடயத்தோடு கேடயம் ஒட்டி நெருக்கமாக நிற்பவர்களுக்கு, பக்கத்தில் நிற்கும் சகவீரனின் கண்ணையே குத்தும் பொருள் அது.

ஆனாலும் கொம்பு முழுக்க முழுக்கப் பொய்யும் அல்ல. ஸ்வீடனின் ஓலண்ட் தீவில் 1870இல் கிடைத்த டோர்ஸ்லுண்டா தகடு ஒன்றில், வைக்கிங்குகளுக்குச் சற்று முந்தைய காலத்து மனிதன் ஒருவன் கொம்புக் கவசத்தோடு ஈட்டிகள் ஏந்தி ஆடுகிறான். நார்வேயின் ஓசெபர்க் கப்பல், 834இல் இரண்டு பெண்களோடு புதைக்கப்பட்டது. அதிலிருந்த நெய்சித்திரத்திலும் ஊர்வலத்தின் நடுவே கொம்பு வைத்த உருவம் ஒன்று தெரிகிறது. சடங்கிலும் ஆட்டத்திலும் கொம்பு இருந்திருக்கிறது. போர்க்களத்தில் இல்லை. இந்த வேறுபாட்டைப் பிற்காலம் அழித்துவிட்டது.

அழித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஜெர்மனியும் ஸ்காண்டிநேவிய நாடுகளும் தங்களுக்கென்று பழம்பெருமை தேடிக்கொண்டிருந்த காலம். ஸ்டாக்ஹோமில் 1811இல் கோத்தியச் சங்கம் தொடங்கினார்கள், பழைய கதைகளைக் கவிதையாகப் புதுப்பித்தார்கள், ஓவியர்கள் மூதாதையரை வரைய ஆரம்பித்தார்கள். வரைவதற்கு மாதிரி வேண்டுமே. மண்ணிலிருந்து கிடைத்த பொருள்களில் எது எந்தக் காலம் என்ற தெளிவு அப்போது பொதுமக்களிடம் இல்லை. லண்டனில் வாட்டர்லூ பாலத்தருகே தேம்ஸ் ஆற்றிலிருந்து 1868இல் எடுத்த கெல்டியர் காலக் கொம்புக் கவசம், இடைக்கால ஜெர்மன் பிரபுக்கள் குலச்சின்னமாகக் கவசத்தின் மேல் வைத்துக்கொண்ட எருமைக் கொம்புகள், வெண்கலக் காலத்துச் சிறு உருவங்கள் எல்லாமே ஒரே ‘பண்டைய வடக்கு’ என்ற குவியலில் விழுந்தன.

அந்தக் குவியலிலிருந்து கொம்பைப் பொறுக்கியெடுத்து மேடையேற்றியவர் கார்ல் எமில் டோப்ளர். வாக்னரின் ‘நிபெலுங்கின் மோதிரம்’ நாடக வரிசை 1876 ஆகஸ்டில் பைராய்த்தில் முதன்முதலாக முழுமையாக அரங்கேறியபோது உடை வடிவமைப்பு அவருடையது. ஹுண்டிங் போன்ற முரட்டுப் பாத்திரங்களுக்குக் கொம்பும், வால்கிரிப் பெண்களுக்கு இறகும் கொடுத்தார். வாக்னரின் மனைவி கோசிமாவுக்கு அந்த உடைகள் பிடிக்கவில்லை. அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர்களைப் போல இருப்பதாக நாட்குறிப்பில் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு இந்தப் பயணத்திலேயே மிக முக்கியமான சாட்சியம் இதுதான். சொந்த மூதாதையரைக் காட்டச் செய்த உடை, அரங்கில் இருந்தவரின் கண்ணுக்கே வேறொரு கண்டத்தின் ‘காட்டுமிராண்டி’யாகத் தெரிந்திருக்கிறது. கொம்பு அந்த நாளிலேயே யாருடைய வரலாற்றையும் குறிக்காமல், பொதுவான முரட்டுத்தனத்தின் முத்திரையாகிவிட்டது.

அதற்குப் பிறகு பயணம் வேகமெடுத்தது. 1882இல் ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழு வழியாக மோதிரக் கதை லண்டனையும் பிற நகரங்களையும் எட்டியது. குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள் கொம்பைப் பிடித்துக்கொண்டன. 1957இல் வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் ஒன்றில் எல்மர் ஃபட் கொம்புக் கவசத்தோடு பாடினான். 1961இல் களமிறங்கிய மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி ஹெல்மெட்டில் கொம்பை வரைந்துகொண்டது. 1970இல் மார்வெல் வெளியிட்ட கோனன் காமிக்ஸில் அந்த வடநாட்டு வீரன் தலையிலும் கொம்பு. 1973இல் ஹேகார் என்ற செய்தித்தாள் சித்திரத்தொடர் வந்தது. இதற்குள் எந்த நாட்டுப் பிள்ளையும் கொம்பைப் பார்த்ததுமே வடக்கு என்று சொல்லும் நிலை வந்துவிட்டது.

விளையாட்டுகளுக்குள் அது நுழைந்த விதம் வேறு. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. ஸ்ட்ராட்டஜி கேமில் நாம் படையை மேலிருந்து பார்க்கிறோம். ஒரு வீரன் திரையில் நகக்கண் அளவுதான் இருப்பான். நூறு பேர் மோதும் நடுவில் யார் எந்தப் பக்கம் என்று அரை நொடியில் கண் கண்டுபிடிக்க வேண்டும். முகம் தெரியாது, கோட்டுருவம்தான் தெரியும். உருண்டைத் தலைகளுக்கு நடுவே இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வராது. மேசை மேல் வைத்து ஆடும் ஈய பொம்மைகளின் காலத்திலேயே இந்தத் தேவை இருந்தது. 1983இல் தொடங்கிய வார்ஹேமரின் வடநாட்டுப் படைகளுக்குக் கொம்பு நிரந்தர அடையாளமானது. 2011இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டின் நாயகன் கொம்புக் கவசத்தோடுதான் உலகம் முழுக்க அறிமுகமானான். கோட்டுருவத்துக்காகக் கொம்பு வைத்த கலைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்கு உதவுவது அவர்கள் தொழில்.

என் வருத்தம் அடுத்த கட்டத்தில். தலையில் கொம்பு வைத்தவுடன், விதிகளை எழுதுபவரும் அதற்கேற்ப எழுத ஆரம்பிக்கிறார். டோட்டல் வார்: வார்ஹேமர் விளையாட்டில் 2017இல் சேர்ந்த நோர்ஸ்கா தரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்களைச் சூறையாடி எரித்தால் தெய்வங்களின் ஆதரவு கூடும், அசுரவிலங்குகளை வேட்டையாடலாம், படையில் மாமூத் யானைகள். ஆடுவதற்கு விறுவிறுப்பான தரப்புதான். ஆனால் எதிரிகளின் ஊர் எரிவதுதான் இவர்களின் உழவு, இவர்களின் வணிகம், இவர்களின் வழிபாடு. லிண்டிஸ்ஃபார்ன் தாக்குதலுக்குப் பிறகு ஆல்குயின் என்ற அறிஞர் கடிதங்களில் எழுதிவைத்த பார்வை அது. அடிபட்ட மடங்களின் பக்கத்திலிருந்து எழுதினார், அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்து, ஒரு மக்களின் முழு பொருளாதாரத்தையும் அந்தக் கோபத்திலிருந்தே வடிவமைப்பதில் நியாயம் இல்லை.

ஐஸ்லாந்தில் இதே மக்கள் 930இல் ஆல்திங் என்ற பொதுச்சபையைக் கூட்டிச் சட்டம் பேசினார்கள். ஸ்வீடனின் கோட்லண்ட் தீவில் 1999இல் கிடைத்த ஸ்பில்லிங்ஸ் புதையலில் 67 கிலோ வெள்ளி, 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலும் அரபு நாட்டு திர்ஹம்கள். ஒரு நீண்ட கப்பலின் பாயை நெய்ய நூற்றுக்கணக்கான ஆடுகளின் கம்பளி வேண்டும். அதை நூற்று, நெய்து, கொழுப்பும் தாரும் தடவித் தயாரிக்க மாதக்கணக்கில் உழைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சூறையாடப் போவதற்கே முதலில் ஒரு பண்ணை, ஒரு மந்தை, ஒரு தறி வேண்டும். விளையாட்டின் விதிகளில் எனக்கு வேண்டியது இந்தச் சங்கிலி.

இதைப் புரிந்துகொண்ட விளையாட்டுகளும் உண்டு. ஏஜ் ஆஃப் மித்தாலஜியின் நார்ஸ் தரப்பில், 2002இலேயே, கட்டடம் கட்டுவது தனியாக ஒரு தொழிலாளியின் வேலை அல்ல, காலாட்படை வீரனே கட்டுவான். விளைந்ததைக் கொண்டு சேர்க்கும் இடம் மாட்டுவண்டி, மக்களோடு கூடவே நகரும். மவுண்ட் அண்ட் பிளேடு விளையாட்டின் நார்டுகளிடம் குதிரைப்படை கிட்டத்தட்ட இல்லை, காலாட்படையோ மற்ற எல்லோரையும்விட உறுதி. அவர்களோடு மோதும்போது வேறு யோசனை செய்ய வேண்டும். ஷிரோ கேம்ஸ் செய்த நார்த்கார்டில் குளிர்காலம்தான் பெரிய எதிரி. பனி இறங்கியதும் விறகும் உணவும் கரையும், படையெடுப்பா பதுங்கலா என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். அந்த ஒரு விதி, ஆயிரம் கொம்புகளைவிட வடக்கை உணர்த்துகிறது.

அந்த மக்களே ஆட்டம் ஆடத் தெரிந்தவர்கள்தான். ஸ்வீடனின் பிர்கா நகரத்தில் 1878இல் தோண்டிய பிஜே 581 என்ற கல்லறையில் வாள், கோடாரி, ஈட்டி, அம்புகள், இரண்டு குதிரைகள், இவற்றோடு ஒரு முழு ஆட்டக்காய்த் தொகுதியும் இருந்தது. படைத்தலைவனின் கல்லறை என்று நூறாண்டுக்கு மேல் சொல்லிவந்தார்கள். 2017இல் மரபணுச் சோதனை, அங்கே கிடந்தவர் பெண் என்று காட்டியது. இப்படிப்பட்ட காய்களை வைத்து ஆடிய ஆட்டத்தின் பெயர் ஹ்னெஃபடாஃப்ல். நடுவில் அரசன், அவனைச் சுற்றிச் சிறு காவற்படை. பலகையின் ஓரங்களில் அவர்களைவிட இரு மடங்கு எதிரிகள். அந்த ஆட்டத்தின் கடைசி வாரிசு ஒன்றை லாப்லாந்தில் சாமி இன மக்கள் ஆடுவதைப் பார்த்து, தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1732இல் குறித்துவைத்தார்: ஒன்பதுக்கு ஒன்பது கட்டம், அரசனோடு எட்டுக் காவலர், எதிரே பதினாறு பேர். அரசன் தப்பினால் ஒரு பக்கத்துக்கு வெற்றி, சிறைப்பட்டால் மறுபக்கத்துக்கு. இரண்டு தரப்புக்கும் பலம் வேறு, இலக்கு வேறு, ஆனாலும் ஆட்டம் சமன். ஒவ்வொரு தரப்பும் வேறு மாதிரி ஆட வேண்டும் என்று இன்றைய வடிவமைப்பாளர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் சிக்கலை, ‘முரட்டு வடக்கு’ என்று நாம் வரையும் அதே மக்கள் மரப்பலகையில் தீர்த்துவைத்திருந்தார்கள்.

ஆகவே ஒரு வடநாட்டுத் தரப்பை வடிவமைப்பவர் தலையிலிருந்து தொடங்காமல் தண்ணீரிலிருந்து தொடங்கலாம். டென்மார்க்கின் ரோஸ்கில்டே கடற்கழியில் 1962இல் மீட்ட ஐந்து ஸ்குல்டெலெவ் கப்பல்களே ஒரு படைப்பட்டியல்: இரண்டு சரக்குக் கப்பல், இரண்டு போர்க்கப்பல், ஒரு மீன்பிடிப் படகு. பெரிய போர்க்கப்பல் டப்ளின் அருகே வெட்டிய ஓக் மரத்தில் 1042 வாக்கில் கட்டியது. அயல்நாட்டில் கால் பதித்த தரப்புக்கே அந்தக் கப்பலைக் கட்டும் உரிமை என்று விதி எழுதலாம். கம்பளி சேர்ந்தால்தான் பாய், பாய் இருந்தால்தான் பயணம். பயணம் பனிக்கு முன் திரும்பாவிட்டால் அறுவடைக்குக் கை பற்றாது. போர் தொடுக்கச் சபையின் சம்மதம் வேண்டும்.

கொம்பையும் விட்டுவிட வேண்டியதில்லை. அது ஒரே ஒரு யூனிட்டுக்குப் போதும், டோர்ஸ்லுண்டா தகட்டில் ஆடுபவனைப் போன்ற ஒருவனுக்கு. அவனுக்குத் தாக்கும் பலம் பூஜ்யம். படை புறப்படும் முன் அவன் ஆடினால் மனவலிமை கூடும், களத்துக்குள் இழுத்துப் போனால் முதல் வெட்டிலேயே விழுவான். திரையில் கொம்பைத் தேடும் கண்ணுக்கும் வேலை மிச்சம், அவன் எங்கே நிற்கிறானோ அங்கேதான் படை கிளம்பத் தயாராகிறது என்று எதிராளிக்கும் தெரிந்துவிடும்.