கெட்டி எண்ணெய் என்னும் நம்பிக்கை

கியர் கரகரவென்று விழுந்தால் இன்னும் கெட்டியான ஆயில் ஊற்று. அளவு குறைந்தால் மேலே கொஞ்சம் விடு. அடியில் இருப்பதைக் கிளறாதே. காரைக்குடி வட்டாரத்துப் பட்டறையானாலும் சென்னைப் பட்டறையானாலும் கியர் ஆயிலைப் பற்றிய பேச்சு நெடுங்காலம் இந்த மூன்று விதிகளுக்குள்தான் ஓடியது. இவற்றை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இவை ஒரு காலத்தில் மிகச் சரியாக இருந்த விதிகள். மாட்டுவண்டி அச்சில் பிறந்து, மோட்டாரின் முதல் தலைமுறையிலும் பலித்து, அதன்பின் இயந்திரம் மாறியபோது தாம் மட்டும் மாறாமல் நின்றுவிட்டவை. கோட்டையூர் போன்ற ஓர் ஊரின் சாலை வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

கோட்டையூர் காரைக்குடிக்கு வடக்கே, சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நகரத்தார் ஊர். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் இந்த வட்டாரத்து வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் அயல்நாட்டுக் கண்ணாடியும் பளிங்கும் வந்து இறங்கின. காரைக்குடிப் பக்கம் ரயில் வந்தது 1930-ஐ ஒட்டித்தான். ஆகவே அதற்கு முன் எழுந்த வீடுகளின் பாரமெல்லாம் மாட்டுவண்டியில் வந்தது. அந்த வண்டிகளின் அச்சுக்குப் போட்டது வண்டி மை. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயிலோ தகரத்திலோ வைத்து வண்டியோடு கட்டித் தொங்கவிடுவார்கள். கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே தள்ளி, அச்சில் மையைப் பூசி, மறுபடி சக்கரத்தை ஏற்றுவார்கள். சக்கரக் குடம் இரு பக்கமும் திறந்தே இருப்பது. நீர்த்த எண்ணெய் அரை மைலுக்குள் செம்மண் புழுதியில் ஒழுகிவிடும். கெட்டியாக ஒட்டிக்கொள்வது மட்டுமே நிற்கும், புழுதி உள்ளே புகாமலும் அடைக்கும். பழைய மையை முழுக்க எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. வழித்துவிட்டு மேலே பூசினால் போதும். மூன்று விதிகளும் இங்கேயே முழுமையாக இருக்கின்றன.

மோட்டார் வந்தபோது அந்த விளக்கெண்ணெயும் கூடவே வந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்ட் 1899-இல் தொடங்கிய நிறுவனம் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மசகெண்ணெயின் பெயர் காஸ்ட்ரால். ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் என்பதிலிருந்து பிறந்த பெயர் அது. செட்டிநாட்டுச் செல்வம் விளைந்த பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளை வைத்து வளர்ந்த பர்மா ஆயில் நிறுவனமே 1966-இல் காஸ்ட்ராலை வாங்கியது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனத்தின் வழியே பஸ்ஸும் லாரியும் தென்மாவட்டச் சாலைகளுக்குப் பழக்கமாயின. அன்றைய கியர் பாக்ஸில் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பற்சக்கரங்களை ஓட்டுநரே காதாலும் காலாலும் ஒத்த வேகத்துக்குக் கொண்டுவந்து கோக்கவேண்டும். கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மறுபடி மிதித்து கியரைப் போடும் டபுள் கிளட்ச் என்ற வித்தை அதற்காக வந்தது. கெட்டியான ஆயில் அந்தப் பெட்டியில் உண்மையாகவே உதவியது. கிளட்சை மிதித்ததும் சுழன்றுகொண்டிருக்கும் தண்டை அது இழுத்துப் பிடித்து மந்தப்படுத்தும்; மேல் கியர் எளிதாக விழும். இரைச்சலையும் அமுக்கும். வண்டி மை தந்த பாடத்துக்கு மோட்டாரும் சாட்சி சொன்னது போல ஆயிற்று. இப்படி இரண்டு தலைமுறையாகச் சரியாக இருந்த ஒன்றைப் பட்டறைக்காரர் நம்பாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

மாற்றம் 1928-இல் வந்தது. அமெரிக்காவில் காடிலாக் கார் சின்க்ரோமெஷ் கியர் பாக்ஸோடு வெளிவந்தது; அதே ஆண்டில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது, பர்மா ஷெல்லும் இந்தியச் சந்தைக்காக உருவானது. ஓட்டுநரின் காதும் காலும் செய்த வேலையை சின்க்ரோமெஷ்ஷில் ஒரு பித்தளை வளையம் செய்கிறது. கியர் முழுதும் விழுவதற்கு முன் இந்த வளையம் கூம்பு வடிவ எஃகு முகத்தில் போய் அழுந்தும். அந்த உராய்வில் இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வரும். பிறகு பற்கள் சத்தமின்றிக் கோத்துக்கொள்ளும். வளையத்தின் உட்புறம் திருகு மரைபோல் நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பது இடையில் இருக்கும் ஆயில் படலத்தை நொடியில் வழித்தெறிவதற்காக. ஆக, ஒரே பெட்டிக்குள் ஆயிலிடம் இரண்டு எதிரெதிர் வேலைகள் கேட்கப்படுகின்றன: பற்களுக்கு நடுவே நிற்கவேண்டும், வளையத்துக்கு அடியிலிருந்து உடனே விலகவும் வேண்டும். கெட்டியான ஆயில் விலக மறுக்கும். காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாம் கியர் முரண்டு பிடித்து, பெட்டி சூடானபின் வெண்ணெய் போல் விழுந்தால், ஆயிலின் கெட்டித்தன்மையைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, எங்கள் அம்பாசடர்கள் காலமெல்லாம் 90 ஆயிலில் ஓடவில்லையா என்பது. ஓடின. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் வந்த அந்தக் காரில் மேல் மூன்று கியர்களுக்கு சின்க்ரோமெஷ் உண்டு. முதல் கியருக்கு இல்லாத காலம் ஒன்று இருந்தது. கரகரப்பை வண்டியின் சுபாவம் என்று எடுத்துக்கொண்டு, நம் ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் போட்டே சமாளித்தார்கள். அவர்களுடைய கைத்திறனை ஆயிலின் கணக்கில் எழுதக்கூடாது. அதே குடும்பத்து மாரிஸ் மைனரின் கியர் பாக்ஸுக்குக் கையேடு சொன்னது 30 எண் எஞ்ஜின் ஆயில். இன்னொரு மயக்கமும் இங்கே இருக்கிறது. கியர் ஆயிலின் எண்ணும் எஞ்ஜின் ஆயிலின் எண்ணும் ஒரே அளவுகோல் இல்லை. 90 எண் கியர் ஆயில் 100 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 40 அல்லது 50 எண் எஞ்ஜின் ஆயிலின் கெட்டிதான். 90 பெரிய எண், ஆகவே பெரிய பாதுகாப்பு என்ற கணக்கு அங்கேயே உடைகிறது. 140-க்குத் தாவுவது அந்தப் பிழையை இன்னும் நீட்டுவது.

கெட்டித்தன்மைக்கு மேல் ரசாயனம் என்றொரு வழக்கும் உண்டு. பின்னச்சின் ஹைப்பாய்டு பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அரைப்பதால் அவற்றுக்குக் கந்தகமும் பாஸ்பரசும் நிறையக் கலந்த ஆயில் வேண்டும். ஜிஎல்-5 என்பது அந்த ரகம். வீரியமான கந்தகச் சேர்மம் பித்தளையையும் வெண்கலத்தையும் கறுக்கவைத்து அரிக்கும். இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் சிலவற்றில் இந்த அரிப்பு குறைக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் பித்தளை வளையத்துக்குத் தேவையான உராய்வைத் தராத அளவுக்கு அவை வழுக்கலாம். கார் கம்பெனிகள் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று பிரித்துச் சொல்வதன் காரணம் இதுவே. உலோக அரிப்பை ஆராயும் தேசிய நிறுவனம் இந்த மண்ணிலேயே இருக்கிறது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் அது திறக்கப்பட்டது. அதன் மதிலுக்கு அப்பால் உள்ள பட்டறைகள் பின்னச்சு ஆயிலையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவந்திருந்தால், அறிவு வெகு அருகில் இருந்தும் கைக்கு எட்டவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

ஆயிலை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. கிளட்ச் முழுதாக விடவில்லை என்றால் ரிவர்ஸ் உறுமும். எந்த ஆயிலும் அதைத் திருத்தாது. வளையத்தின் வரிகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் புது ஆயில் சில வாரம் ஆறுதல் தரும், அவ்வளவே. ஆனால் ‘கியர் ஆயில் எரிவதில்லை, கெடுவதுமில்லை, குறைந்தால் விட்டால் போதும்’ என்ற வாதத்தை ஏற்க முடியாது. பெரும்பாலான கியர் பாக்ஸ்களில் வடிகட்டி கிடையாது. வளையத்திலிருந்து உதிரும் பித்தளைப் பொடியும் பற்களின் இரும்புத் துகளும் உள்ளேயே சுற்றும். இரும்பைக் காந்தம் பிடிக்கும், பித்தளையைப் பிடிக்காது. ஓடாத வண்டியும் இதற்குத் தப்பாது. செட்டிநாட்டில் வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகள் நிறைய. அப்படிப்பட்ட வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காரின் பெட்டிக்குள் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறிமாறி ஈரத்தைச் சேர்க்கும். கிலோமீட்டர் கணக்கு ஒன்றும் ஏறாமலே ஆயில் பழசாகும்.

1983-இல் மாருதி வந்தபின் பழைய விதிகளுக்கு இடம் இன்னும் சுருங்கிற்று. முன்சக்கர ஓட்டத்தில் கியர் பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே ஓட்டுக்குள் அடங்கி ஒரே ஆயிலைக் குடிக்கின்றன. கையேடு கேட்பதும் குளிரிலும் இளகி நிற்கும் 75டபிள்யூ-90 போன்ற மெல்லிய ரகம். மேலே ஊற்றி ஒப்பேற்றும் பழக்கத்துக்குப் பதில் முழுக்க வடித்து மாற்றும் முறை வேரூன்றிய பட்டறையை ஒரு சின்ன ஒழுங்கை வைத்தே அடையாளம் காணலாம். வண்டியைச் சற்று ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு வருவார்கள். அடியில் வடிக்கும் நட்டைத் தொடுவதற்கு முன், பக்கவாட்டில் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அது இறுகிக் கிடக்க, கீழே வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வடிந்ததை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்து, பொன்னிறப் பொடி மின்னுகிறதா என்று பார்த்த பிறகே புது டப்பாவைத் திறப்பார்கள்.