ஒரு பொறி பல பொறியான வரலாறு

கானல் நீரும் தோற்றமே. கண்ணாடியில் காணும் உருவும் தோற்றமே. கானல் நீர் தாகம் தணிக்காது. கண்ணாடி உருவம் ஒரு துரும்பையும் அசைக்காது. ஆயின், தோற்றமாய் நின்றே மெய்யான வேலையை முடித்துத் தரும் பொருள் ஒன்று கணினி உலகில் உண்டு. அதற்கு 'மெய்நிகர்ப் பொறி' என்று பெயர். ஓர் உண்மைக் கணினியினுள் பல கணினிகள் தனித்தனியே இயங்குவதுபோல் அமைக்கும் இம்முறை, பொறிகள் அரியனவாய் இருந்த காலத்தில் பகிர்ந்து பயன்கொள்ளப் பிறந்தது. பின்னர்ப் பொறிகள் மலிந்த காலத்தில் வீணாவதைத் தடுக்க மீண்டும் பிறந்தது. ஒரே கருத்து இருவேறு தேவைகளுக்கு விடையானது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பகிர்வு வேட்கை

1950ஆம் ஆண்டுகளில் பெருங்கணினி ஒன்று ஒரு கூடத்தையே அடைத்துக்கொள்ளும். நிரல் எழுதுவோர் துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில், சிலவேளை மறுநாள் வரையிலும், காத்திருப்பர். ஒரு சிறு பிழையிருப்பினும் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். இவ்விடர் நீங்க, கணினியின் நேரத்தைப் பலருக்கும் நொடிக்கூறுகளாகப் பங்கிடலாம் என்னும் எண்ணத்தை 1959இல் இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியும் அமெரிக்காவின் ஜான் மெக்கார்த்தியும் வெளியிட்டனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961 நவம்பரில் அதனை இயக்கிக் காட்டினர்.

பின்னர், 1964 ஏப்ரல் 7ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் 'சிஸ்டம்/360' என்னும் கணினி வரிசையை அறிவித்தது. நேரப் பகிர்வுக்கு வேண்டிய முகவரி மாற்றும் வசதி அதில் இல்லாமையால், அக்கழகத்தின் ஆய்வுக் குழு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தை நாடியது. அதே ஆண்டில் ஐபிஎம் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கியிருந்த சிறு அறிவியல் நிலையம் இச்சூழலில் ஒரு புதுவழி கண்டது.

கேம்பிரிட்ஜ் கண்ட வழி

அந்நிலையத்தில் ராபர்ட் கிரீசி தலைமையிலான குழுவினர், பலரையும் ஒரே இயக்க முறைமையின் கீழ் அடக்குவதை விடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியையே கொடுத்தது போன்ற நிலையை உண்டாக்க முனைந்தனர். 40ஆம் மாதிரிக் கணினியில் முகவரிகளை மாற்றித் தரும் துணைக்கருவியைப் பொருத்தினர். 1967 சனவரியில் பயனுக்கு வந்த அவர்தம் 'சிபி-40' நிரல், ஒரு கணினியைப் பதினான்கு கணினிகளாகக் காட்டியது.

இது நிகழும் விதம் எளிது. கூட்டுக் குடும்பத்தில் களஞ்சியத்தின் சாவி மூத்தவரிடம் இருக்கும், வேண்டுவோர் கேட்பர், அவர் அளந்து கொடுப்பார், ஒருவர் பங்கில் மற்றொருவர் கைவைக்க இயலாது. அவ்வாறே, விருந்தாக ஏறிய இயக்க முறைமை வன்பொருளின் சிறப்பதிகாரக் கட்டளை ஒன்றை இட முயன்றால், பொறி உடனே நின்று, அடியிலுள்ள கட்டுப்பாட்டு நிரலிடம் அதை ஒப்படைக்கும். அந்நிரல் வேண்டுவதைச் செய்து முடித்துத் திரும்ப அனுப்பும். இடையில் நடந்ததை விருந்தாளி அறியாது.

அதே நிறுவனம் பெரும்படையைக் கொண்டு உருவாக்கிய நேரப் பகிர்வு முறைமை தாமதத்தால் அல்லற்பட்டபோது, இச்சிறு குழுவின் 'சிபி-67' 1968இல் வாடிக்கையாளரைச் சென்றடைந்தது. 1972 ஆகஸ்டு 2ஆம் நாள் 'விஎம்/370' என்னும் பெயரில் முறையாக அறிவிக்கப்பெற்றது. பழைய முறைமையை நிறுத்தாமலே அதன் அருகில் புதியதைச் சோதித்துப் பார்க்க இயன்றமை நிறுவனங்களுக்குக் கிட்டிய பெரும்பயனாகும்.

மூன்று இலக்கணங்கள்

இம்முறைக்கு இலக்கணம் வகுத்தோர் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபர்க் என்னும் இருவர். 1974இல் அவர்கள் கூறிய இயல்புகள் மூன்று: மெய்ப்பொறியில் நிகழ்வதே மெய்நிகர்ப் பொறியிலும் நிகழவேண்டும், வளங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டு நிரலின் ஆட்சியில் இருக்கவேண்டும், பெரும்பாலான கட்டளைகளை வன்பொருளே நேராக நிறைவேற்றவேண்டும்.

மறதியும் மறுமலர்ச்சியும்

1980ஆம் ஆண்டுகளில் சிறு கணினிகள் மலிந்தன. வேலைக்கு ஒரு பொறி வாங்கலாம் என்றானபின், பகிர்வைப் பற்றிய கவலை குறைந்தது. ஆயின், மலிவே புதுச் சுமையாயிற்று. அஞ்சலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று எனச் சேவைக் கணினிகள் பெருகின. ஒன்றன் பழுது மற்றதைத் தொடாதிருக்கவே அவை பிரித்து வைக்கப்பெற்றன. அவற்றுட் பல பெரும்பொழுது வேலையின்றி இருந்தும், மின்சாரமும் குளிரூட்டலும் இடமும் குறைவின்றிக் கேட்டன.

பழைய மருந்தை மீண்டும் கொள்ளவும் தடையிருந்தது. பரவலாக வழங்கிய 'எக்ஸ்86' செயலிகள் மேற்கூறிய இலக்கணத்துக்கு அடங்கவில்லை. பென்டியம் செயலியில் அத்தகைய கட்டளைகள் பதினேழு என 2000இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. அவை சாவிக்காரரைக் கேளாமலே வேலை செய்வன.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியின் வழிவந்தோர் 1998இல் நிறுவிய விஎம்வேர், இடர்தரும் கட்டளைகளை ஓடும்போதே மாற்றியமைத்து 1999இல் இத்தடையைக் கடந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட 'ஸென்', விருந்தாளி முறைமையையே சிறிது திருத்திக்கொண்டது. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் செயலியிலேயே வேண்டிய வசதியை அமைத்தன. மென்பொருள் தாங்கிய சுமையில் ஒரு பகுதியை வன்பொருள் ஏற்றுக்கொண்டது.

பயனும் எச்சரிக்கையும்

இதனால் பல பொறிகளின் வேலை ஒன்றில் ஒடுங்கிற்று. ஒரு முறைமையின் முழுநிலையையும் கோப்பாகச் சேமித்து, பிழை நேரின் பழைய நிலைக்கு மீட்கவும் இயன்றது. சித்தர் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தலைப்போல, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர்ப் பொறியை ஒரு வன்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு ஏறக்குறைய நிற்காமலே மாற்றும் வசதி 2003இல் விற்பனைக்கு வந்தது. 2006இல் அமேசான் நிறுவனம் இத்தகைய பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிற்று.

எனினும், பலரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால் கூரை வீழுங்கால் அனைவருக்கும் இடர். ஒரு வன்பொருள் பழுதுபடின் அதன்மேல் நின்ற பொறிகள் எல்லாம் நிற்கும். கட்டுப்பாட்டு நிரலில் ஓட்டை இருப்பின் பொறிகளைப் பிரித்துநின்ற சுவரே இடியும். ஆதலால், மாற்று வன்பொருளும் விழிப்பான மேற்பார்வையும் இல்லாத சிக்கனம் சிக்கனமாகாது.

பதினான்கு பேருக்கு ஒரு பொறியைப் பங்கிட்டவர்கள், வாளாகிடக்கும் எண்ணற்ற பொறிகளை ஒன்றுசேர்க்கும் காலம் ஒன்று வருமென எண்ணியிருக்கமாட்டார்கள். பழையது என்று ஒதுக்கிய கருத்தும், அதன் இலக்கணம் செவ்வையாய் எழுதிவைக்கப்பெற்றிருப்பின், தேவை திரும்பும் நாளில் தானும் திரும்பும்.